தீவை வாங்கிய பிரதிநிதி

ஒருவரை மக்களின் பிரதிநிதி என்கிறோம். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அம்மக்களுக்கு இல்லையெனில், அவர் யாருக்குப் பொறுப்பாவார்? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேனியல் காம்பெல் என்பாரின் வரலாறு இவ்வினாவிற்கு விடை கூறுகிறது.

காம்பெல் கிளாஸ்கோ நகரத்துப் பெருவணிகர். புகையிலை வாணிகத்தில் பொருள் ஈட்டியவர். 1702இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றத்தில் இடம் பெற்றார். 1707இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே அரசாக இணைந்தன. அவ்விணைப்பை ஆதரித்தவர்களுள் அவரும் ஒருவர். 1716 முதல் கிளாஸ்கோ உள்ளிட்ட நான்கு நகரங்களுக்கும் சேர்த்து அவர் ஒருவரே லண்டன் பாராளுமன்றத்தில் உறுப்பினராக விளங்கினார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் பொதுமக்கள் அல்லர். அந்நான்கு நகர மன்றங்களும் அனுப்பிய பேராளர்களே ஆவர்.

வாற்கோதுமையை ஊறவைத்து, முளைகட்டச் செய்து, உலர்த்துவது மால்ட் எனப்படும். ஏழை எளியோர் அருந்திய பீர் என்னும் பானம் அதிலிருந்தே தயாராயிற்று. 1725இல் ஸ்காட்லாந்தில் மால்ட்டின் மீது புஷலுக்கு மூன்று பென்னி வரி விதிக்கப்பட்டது. காம்பெல் இவ்வரிக்கு உடன்பட்டார் என்று நகர மக்கள் கொதித்தெழுந்தனர். ஜூன் 24ஆம் நாள் இரவு, அவர் குடும்பத்துடன் வெளியூர் சென்றிருந்த வேளையில், அவரது மாளிகையைச் சூறையாடினர். தொடர்ந்து படைவீரர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஒன்பது பேர் மாண்டனர்.

பாராளுமன்றம் காம்பெலுக்கு 6,080 பவுன் நஷ்ட ஈடு வழங்க ஆணையிட்டது. அத்தொகையைக் கிளாஸ்கோ நகரமே செலுத்த நேர்ந்தது. அதற்காக நகரில் விற்கும் பீரின் மீதே வரி தண்டப்பட்டது! பீருக்காகக் கலகம் செய்தவர்கள், பீரின் விலையிலேயே அதற்கு ஈடு கட்டினர்.

அத்தொகை கைகொடுக்க, 1726இல் காம்பெல் ஸ்காட்லாந்தின் மேற்கேயுள்ள இஸ்லே தீவை 12,000 பவுனுக்கு வாங்கினார். அங்கே ஆளிச்செடி பயிரிடுவதையும் நூல் நூற்பதையும் ஊக்குவித்தார். 1727 தேர்தலில் அவர் தோற்றதாக அறிவிக்கப்பட்டபோதிலும், மறு ஆண்டே மனுவின் பேரில் தம் இடத்தை மீண்டும் பெற்று, 1734 வரை உறுப்பினராக நீடித்தார். 1753இல் காலமானார். அவருடைய பேரரான மற்றொரு டேனியல் காம்பெலே 1768இல் அத்தீவில் பொமோர் என்னும் ஊரைத் திட்டமிட்டு நிறுவியவர்.

வரி செலுத்தியவர்கள் பலர். வாக்களித்தவர்களோ மிகச் சிலர். வாக்கில்லாத மக்களின் சினம் கலகமாக வெளிப்பட்டது. அதனால் மாளிகைக்குச் சேதம் நேர்ந்ததேயன்றி, உறுப்பினரின் பதவி பறிபோகவில்லை. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்திற்குப் பின்னரே கிளாஸ்கோவின் நடுத்தரக் குடியினர் தம் உறுப்பினரை நேராகத் தேர்ந்தெடுத்தனர். உழைக்கும் மக்களோ அதன் பின்னரும் பல்லாண்டுகள் காத்திருந்தனர். வாக்குச்சீட்டின் அருமையை உணர விரும்பும் மாணவர்கள், அது இல்லாதிருந்த காலத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.