மேஸ்திரியும் கணக்கப்பிள்ளையும்

நான் தங்கிப் படிக்கும் ராமச்சந்திராபுரத்தில் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. அத்தகைய ஆலையொன்றின் பண்டகசாலையை மனத்தில் எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான உதிரிப் பாகங்களுள் கையிருப்பு பத்துக்கும் குறைந்தவை எவை? இதனை இரவுதோறும், மனிதர் உறங்கும் வேளையில், கணிப்பொறி தானே கண்டு சொல்ல வேண்டும். அதற்கு வழி யாது?

ஐ.பி.எம். நிறுவனத்தார் 1988 ஜூன் 21இல் அறிவித்த நடுத்தரக் கணிப்பொறி ஏ.எஸ்/400. அதன் வழிவந்த பொறிகள் இன்றும் உழைத்து வருகின்றன. தரவுத்தளம் இயக்க முறைமையோடு ஒன்றியிருப்பது இவற்றின் தனிச்சிறப்பு. சி.எல். என்னும் கட்டளை மொழி இங்கே மேஸ்திரியைப் போன்றது; எந்த வேலை முன், எது பின், தவறினால் என்ன செய்வது என்று ஏவும். எஸ்.க்யூ.எல். என்னும் வினவு மொழியோ கணக்கப்பிள்ளை. ஏட்டைப் புரட்டி விடை காணும். இவ்விருவரையும் பேச வைப்பதே நம் வேலை.

முன்பு இதற்கு 'ஓப்பன் கொயரி ஃபைல்' என்ற கட்டளை பயன்பட்டது. மேற்கோள் குறிக்குள் மேற்கோள் குறியிட்டு நிபந்தனை எழுதுவதற்குள் கண் பூத்துவிடும். 2012இல் 'ரன் எஸ்.க்யூ.எல்.' என்ற கட்டளை வந்தது. வினவு மொழி வாக்கியத்தைச் சி.எல். நிரலிலேயே எழுதிவிடலாம்.

ஆனால் ஒரு தடை உண்டு. 'செலக்ட்' என்று வெறுமனே கேட்டால் இக்கட்டளை ஏற்காது. கேள்வி கேட்கலாம், விடையை ஏந்தக் கையில் பாத்திரம் இல்லை! எனவே பாத்திரத்தை நாமே செய்ய வேண்டும். 'கிரியேட் டேபிள்' வாக்கியத்துக்குள் 'செலக்ட்'டை வைத்து, விடையை 'க்யூடெம்ப்' நூலகத்தில் ஓர் அட்டவணையாக்குகிறோம். ஒவ்வொரு வேலைக்கும் தனியே அமைந்து, வேலை முடிந்ததும் மறையும் இடம் அது. பிறகு 'ஆர்.சி.வி.எஃப்.' கட்டளையால் ஒவ்வொரு பதிவாகப் படிக்கலாம். பதிவுகள் தீர்ந்ததும் சி.பி.எஃப்.0864 என்ற செய்தி வரும். அதுவே நிறுத்தக் குறி. நிரலைத் தொகுக்கும்போதும் அதே வடிவில் ஓர் அட்டவணை இருத்தல் வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

இனி எச்சரிக்கை. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'ஜர்னல்' இல்லாத கோப்பில் திருத்தம் செய்ய, 'கமிட்' என்ற இடத்தில் 'நன்' என்று எழுதுவது வழக்கம். அவ்வாறு எழுதினால் செய்ததைத் திரும்பப் பெற இயலாது. 'டிலீட்' வாக்கியத்தில் 'வேர்' என்னும் நிபந்தனை விடுபட்டால், பண்டகசாலையின் ஏடு முழுதும் ஒரு நொடியில் வெறுமையாகும். பொறி, "உண்மையாகவா?" என்று கேட்காது.

ஆகவே நண்பர்களே, அழிக்கும் முன் அதே நிபந்தனையால் திரட்டிப் பாருங்கள், எண்ணிப் பாருங்கள், பிறகே ஏவுங்கள். நாளை நம்மை நம்பி ஒப்படைக்கப்படும் ஏடு, பல குடும்பங்களின் ஊதியக் கணக்காகவும் இருக்கலாம் அன்றோ?