கைக்கடிகாரம் எழுதி வைத்த கணக்கு

"தம்பி, இந்தக் கடிகாரம் பொய் சொல்லுது. நீயே வச்சுக்க!"

இப்படிச் சொல்லி, என் அக்காள் ஒரு நாள் மாலை அதைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். சிங்கப்பூரில் வேலை செய்யும் அவருடைய மகன் தீபாவளிக்கு வாங்கி வந்தது. நேரம் காட்டுவதோடு நில்லாமல், நடந்த அடி, நாடித் துடிப்பு, தூங்கிய நேரம் என்று எல்லாவற்றையும் எண்ணிக் கைப்பேசிக்கு அனுப்பி வைக்கும். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

அக்காள் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். காலைப் பெரட்டு முடிந்து நிரைக்குள் நுழைந்தால் குனிவதும் நிமிர்வதும் தள்ளுவண்டி தள்ளுவதும்தான். அப்படிப்பட்டவருக்கு அன்றைய கணக்கு 3,900 அடி! வகுப்பறைக்குள் உலாவிக்கொண்டிருந்த எனக்கோ 6,000. கோபம் வராதா?

கடிகாரம் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது கை அசைவு மட்டும்தான். நடக்கும்போது கை முன்னும் பின்னும் வீசுவதை வைத்து அது அடிகளை எண்ணுகிறது. தள்ளுவண்டியின் பிடியை இறுகப் பற்றியிருக்கும் கை வீசுமா? கால் எவ்வளவு நடந்தாலும் அது கணக்கில் சேராமல் போய்விடும். துணி துவைக்கும்போது மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கூடிக்கொள்ளும்.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964 தோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு, 1965இல் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் 'மான்போ-கே', அதாவது 'பத்தாயிரம் அடிக் கருவி'. வியாபாரப் பெயர் மருத்துவச் சட்டம்போல ஆகிவிட்டது. வயதான பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் பலன் அதிகம் கூடவில்லை. ஆகவே அடிக்கணக்கைப் பற்றி நான் அலட்டிக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது அக்காள் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை உறுத்தியது. "மேடு ஏறினா இப்பெல்லாம் மூச்சு வாங்குது தம்பி. வயசாச்சுல்ல?"

அவருக்கு வயது 48. அது ஒரு வயதா?

கைப்பேசியில் எண்களை ஒவ்வொரு நாளாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஆறு மாதத்தையும் ஒரே தாளில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு வழி இருக்கிறது. சாம்சங் ஹெல்த் செயலியில் அமைப்புகள் பகுதிக்குள் போனால் 'டவுன்லோட் பர்சனல் டேட்டா' என்று இருக்கும். ஐபோனில் ஹெல்த் செயலியைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டால், கீழே 'எக்ஸ்போர்ட் ஆல் ஹெல்த் டேட்டா' என்று வரும். மற்றக் கடிகாரங்களின் செயலிகளிலும் கணக்குப் பகுதியில் இதுபோல் ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஐபோன் தரும் கோப்பு மிகப் பெரியது. கைப்பேசியில் திறக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், கணினி தெரிந்த பிள்ளையிடம் கொடுங்கள். அடுத்தவருக்கு அனுப்பும்போது கவனம் தேவை. நீங்கள் எங்கே, எப்போது போனீர்கள் என்பதும் அதில் இருக்கக்கூடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிற சங்கதி அல்ல.

அக்காளின் கணக்கைப் பள்ளிக் கணினியில் திறந்தேன். நாடித் துடிப்பை ஓய்வில் இருக்கும்போது பார்க்க வேண்டும் என்பதால், விடியற்காலை 3 மணி முதல் 5 மணி வரையுள்ள எண்களை மட்டும் பொறுக்கினேன். 108, 112, 115! தூக்கத்தில் இவ்வளவா? பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இருக்க வேண்டும். நான் பயந்துபோய் உடனே சொல்லிவிட, அக்காள் அன்றிரவு முழுவதும் தூங்கவில்லை.

மறுநாள் என் முட்டாள்தனம் எனக்கே தெரிந்தது. பெரட்டுக்குப் போன நடை, முதல் நாள் இரவு 10 மணிக்கு என்று பதிவாகியிருந்தது. "ராத்திரி பத்து மணிக்கு உங்க அக்கா எங்கே நடந்துச்சு?" என்று மாமா சிரித்தார். அப்போதுதான் உறைத்தது. இத்தகைய கோப்புகள் பலவற்றில் நேரம் உலகப் பொது நேரப்படி இருக்கும். மலேசிய நேரம் வேண்டுமானால் 8 மணி கூட்ட வேண்டும். (எங்கள் அப்பா காலத்துக் கணக்கு ஏழரை மணி. தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியது 1982 பிறந்தபோது.) நான் விடியற்காலை என்று எடுத்தது, உண்மையில் முற்பகல் 11 முதல் 1 மணி வரை, வெயிலில் வண்டி தள்ளிய நேரம்!

திரும்பக் கணக்குப் போட்டேன். நான்கு கட்டம் கோடு கிழித்தேன்: தேதி, தூக்கத்தில் துடிப்பு, தூங்கிய நேரம், கடைசியில் 'அன்று என்ன நடந்தது'. கடைசிக் கட்டத்தை அக்காளைக் கேட்டு நிரப்பினேன். மழை, வேலை இல்லை. காய்ச்சல். மருமகள் வளைகாப்பு. இந்தக் கட்டம் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வெறும் எண்கள். ஒரு நாள் துடிப்பு ஏறுவது பெரிதல்ல, காய்ச்சலிலும் தூக்கம் கெட்டாலும் ஏறும். அதனால் ஏழு ஏழு நாளாகச் சேர்த்துச் சராசரி எடுத்தேன்.

முதல் இரண்டு மாதம் 66, 67. பிறகு 70. அப்புறம் 74. கடைசி மூன்று வாரம் 79, 80, 81. நூறுக்குள்தான் இருக்கிறது, ஆனால் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கிறது. காய்ச்சலும் இல்லை, விசேஷமும் இல்லை. கடிகாரத்தை நம்பாமல், மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து அரை நிமிடம் நானே எண்ணி இரண்டால் பெருக்கினேன். அமர்ந்திருக்கும்போது 88.

தாளை எடுத்துக்கொண்டு பட்டணத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். இளம் டாக்டர். கடிகாரக் கணக்கு என்றதும் லேசாகச் சிரித்தார். பிறகு வரிசையைப் பார்த்துவிட்டு, "உதிரப்போக்கு எப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்டார். அக்காள் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். ஒரு வருடமாகப் பட்ட அவதியை அன்றுதான் வாய்திறந்து சொன்னாராம். இரத்தம் சோதித்ததில் இரத்தச் சோகை என்று தெரிந்தது. உடம்பில் இரத்த அணு குறைந்தால், அதை ஈடுகட்ட நெஞ்சு வேகமாக அடிக்கிறது. அதுதான் மேடு ஏறும்போது வாங்கிய மூச்சு. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள், உதிரப்போக்கைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கொடுத்தார்கள்.

இரத்தச் சோகை என்று அந்தக் கடிகாரம் ஒருநாளும் சொல்லவில்லை. அதற்குச் சொல்லவும் தெரியாது. டாக்டரை அந்தக் கேள்வி கேட்க வைத்தது ஒரு தாள்.

மூன்று மாதம் ஆயிற்று. சென்ற வாரச் சராசரி 71. இப்போது வேலை நேரத்தில் அக்காள் கடிகாரத்தைக் கழற்றிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். இரவில் மட்டும் கையில் கட்டுகிறார். பையில் கிடந்தால் இடுப்பும் காலும் அசைவது அதற்குத் தெரியும். முதல் நாளே 14,200 அடி என்று வந்தது. அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, "உனக்கு எவ்வளவு வாத்தியாரே?" என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை.