இரண்டாவது டெங்கு ஏன் ஆபத்தானது?

டெங்குக் காய்ச்சலுக்கு ஒரு தடவை ஆளாகி மீண்டவர்கள் இனி அந்நோய் தம்மை அணுகாது என எண்ணி ஆறுதலடைவதுண்டு. சின்னமுத்து போன்ற நோய்களுக்கு இந்த எண்ணம் பொருந்தும். டெங்கு விடயத்தில் அது ஆபத்தான தவறாகும். கடுமையான டெங்கு முதலாவது தொற்றை விட இரண்டாவது தொற்றின்போதே அதிகமாகக் காணப்படுகின்றது. இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, வைரசுகளுக்கு எதிராக எமது குருதியில் இணைந்து செயற்படும் இரு தரப்பினரை அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலாவது தரப்பு பிறபொருளெதிரிகள். இவை ஒவ்வொரு கிருமியையும் இனங்கண்டு அதன்மீது ஒட்டிக்கொண்டு, அது உடற்கலங்களுக்குள் நுழைவதைத் தடுக்கின்றன. இரண்டாவது தரப்பு நிரப்புப் புரதங்கள். பெரும்பாலும் ஈரலில் உருவாகும் இவை, அழைப்பு வரும்வரை குருதியில் செயலற்ற நிலையில் உலாவுகின்றன. பிறபொருளெதிரிகளுக்குத் துணைநிற்கும் இத்தொகுதியைப் பற்றிய ஆய்வுகளுக்காகப் பெல்ஜிய விஞ்ஞானி ஜூல்ஸ் போர்டே 1919 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

பிறபொருளெதிரிகள் வைரசின்மீது போதிய அளவில் ஒட்டியதும் நிரப்புப் புரதங்களுள் முதலாவது அவற்றைப் பற்றிக்கொள்கின்றது. அது அடுத்ததைத் தூண்ட, அடுத்தது மற்றொன்றைத் தூண்டுகின்றது. இச்சங்கிலித் தொடரின் விளைவாக வைரசின்மீது ஒரு புரதப் போர்வை படிகின்றது. அதனை அடையாளமாகக் கொண்டு விழுங்கும் கலங்கள் வைரசை உட்கொண்டு அழிக்கின்றன. கொழுப்பு உறையைக் கொண்ட வைரசுகளின் உறையில் துளையிடவும் இப்புரதங்களால் முடியும்.

டெங்கு வைரசில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் பீடிக்கப்பட்டவருக்கு அவ்வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்புக் கிடைக்கின்றது. ஏனைய வகைகளுக்கு எதிரான பாதுகாப்போ சில மாதங்களில் குன்றிவிடுகின்றது. பின்னர் வேறொரு வகை தொற்றும்போது, பழைய பிறபொருளெதிரிகள் அதன்மீது ஒட்டினாலும் அதனைச் செயலிழக்கச் செய்ய மாட்டா. மாறாக, விழுங்கும் கலங்களுக்குள் வைரசு உயிருடன் புகுவதற்கு அவையே வழிசமைத்துக் கொடுக்கின்றன. அக்கலங்களினுள் வைரசு பல்கிப் பெருகுகின்றது. காவலாளியே கதவைத் திறந்துவிடும் நிலை இது.

நிரப்புப் புரதங்களின் பங்கும் இங்கு இருமுகம் கொண்டது. அவற்றுள் முதலாவது புரதம், பிறபொருளெதிரிகளின் இத்தவறான உதவியைக் கட்டுப்படுத்துவதை 2007 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எனினும் கடுமையான டெங்கில் இத்தொகுதி அளவுமீறித் தூண்டப்படுகின்றது. குருதிக்கலன்களிலிருந்து திரவம் கசிவதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கருதப்படுகின்றது.

பிலிப்பைன்ஸில் 2016 இல் பாடசாலை மாணவர்களுக்கு டெங்குத் தடுப்பூசி ஏற்றும் திட்டம் ஆரம்பமானது. முன்னர் டெங்கு ஏற்படாதவர்களுக்கு அத்தடுப்பூசி பிற்காலத்தில் கடும் நோய்க்கான ஆபத்தை அதிகரிக்கக்கூடும் எனத் தெரியவந்ததும், 2017 இல் அத்திட்டம் இடைநிறுத்தப்பட்டது. அரைகுறைப் பாதுகாப்பு சிலவேளைகளில் பாதுகாப்பின்மையை விடக் கேடானது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

2017 இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். அவர்கள் ஒவ்வொருவரும் இன்னொரு வகைத் தொற்றுக்கு ஆளாகக்கூடியவர்களே. ஆகையால், முன்னர் டெங்கு ஏற்பட்டவர்கள் காய்ச்சல் கண்டவுடன் அதனை வைத்தியரிடம் தெரிவித்துக் குருதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சல் தணியும் வேளையிலேயே திரவக் கசிவு ஆரம்பிக்கக்கூடும் என்பதால், அப்போது தோன்றும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, குருதிக்கசிவு ஆகியவற்றை அலட்சியம் செய்யலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நுளம்பு பெருகும் இடங்களை ஒழிப்பதே முதலாவது தொற்றையும் இரண்டாவது தொற்றையும் ஒருங்கே தடுக்கும் வழியாகும்.