பேக்-மேனுக்குள்ள நாமளே போய் நின்னா..?

தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? போன் மேப்பில் பார்த்தால் 'இவ்வளவுதானா'ன்னு தோணும். கூட்டத்துக்குள் நின்றால் முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும்தான் தெரியும். பழைய வீடியோ கேம்களை 'ஃபர்ஸ்ட் பெர்சன்' ஆக்கியபோது, அதாவது ஆடுபவரின் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் திரையில் காட்டியபோது, நடந்ததும் இதுதான்.

1980-ல் வந்த பேக்-மேனில் மொத்தப் பாதையும் மேலிருந்து தெரியும். பேய் எந்தப் பக்கம் வருதுன்னு பார்த்து ஓடலாம். 1983-ல் வந்த '3-டீமன்' நம்மைப் பாதைக்குள்ளேயே இறக்கிவிட்டது. சுவர்கள் வெறும் கோடுகள்தான். ஆனா, அடுத்த திருப்பத்தில் என்ன நிக்குதுன்னு தெரியாதே!

சைலஸ் வார்னரின் 'கேஸில் வுல்ஃபென்ஸ்டைன்' (1981), கோட்டையிலிருந்து தப்பிக்கும் ஆட்டம். காவலர்களைச் சோதனை போடலாம், சீருடை மாட்டிக்கொண்டு ஏமாற்றலாம். 1992-ல் இட் சாஃப்ட்வேர் இதை 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' ஆக்கியது. அன்றைய கம்ப்யூட்டருக்கு முழு முப்பரிமாணம் தாங்காது. அதனால் ஜான் கார்மாக், திரையைச் செங்குத்துக் கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கீற்றிலும் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் கணக்குப் போட வைத்தார். கிட்டே இருந்தால் கீற்று உயரம், தள்ளி இருந்தால் குட்டை. விலை? எல்லாச் சுவரும் ஒரே உயரம், மாடிப்படியே கிடையாது.

வேகம் கிடைச்சது. ஆனா, காவலரைச் சோதனை போடுவது, உடலை இழுத்து மறைப்பது எல்லாம் அந்த வேகத்தைக் கெடுக்குதுன்னு தூக்கிட்டாங்க. எனக்கென்னவோ, சீருடையை மாட்டிக்கிட்டு நைசா நழுவுற பழைய ஆட்டம்தான் பிடிச்சிருக்கு.