கருவறை முதல் கல்லறை வரை

1960களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்கள் திரண்டு வந்து சேர்ந்த வகுப்பு ஒன்று இருந்தது. ஏட்டில் அதன் பெயர் ‘மனித வாழ்க்கைச் சுழற்சி’. மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘கருவறை முதல் கல்லறை வரை’. ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களும் ஒரே ஓசையில் முடியும். தமிழிலோ மோனையோடும் இயைபோடும் வந்து விழுகின்றன.

பாடம் நடத்தியவர் எரிக் எரிக்சன். உலகப் புகழ்பெற்ற அந்தப் பேராசிரியர் கல்லூரிப் பட்டம் எதுவும் வாங்காதவர். இளமையில் தூரிகையோடு ஐரோப்பாவைச் சுற்றிய ஓவியர். வியன்னாவில் ஒரு சிறிய பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். அங்கே சிக்மண்ட் ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்டின் கண்ணில் பட்டு உளப்பகுப்பாய்வு கற்றார். கையில் இருந்த சான்றிதழ்கள் இரண்டே: ஒன்று மாண்டிசோரி ஆசிரியர் பயிற்சிக்கானது, மற்றது வியன்னா உளப்பகுப்பாய்வுக் கழகம் கொடுத்தது. அவற்றை வைத்துக்கொண்டு ஹார்வர்டில் 1960 முதல் 1970 வரை பேராசிரியராக இருந்தார்.

பெற்ற தகப்பன் யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. 1902இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்து, மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரான ஹோம்பர்கரைச் சுமந்து வளர்ந்தார். 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது தானே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டார்: எரிக்சன். அதாவது எரிக்கின் மகன். நம்மூர்க் கணக்கில் சொன்னால், இனிஷியலிலும் தன் பெயரையே போட்டுக்கொண்டவர். ‘ஐடென்டிட்டி கிரைசிஸ்’ என்று இன்று சினிமா விமர்சனம் வரைக்கும் புழங்கும் சொற்றொடரைப் பரப்பியவர் இவர்தான் என்பதில் வியப்பென்ன!

உளவியல் படிக்கும் நம் கல்லூரி மாணவர்களுக்கு எரிக்சன் ஓர் அட்டவணையாகத்தான் அறிமுகமாகிறார். ஹர்லாக், சான்ட்ராக், பபாலியா என்று எந்தப் பாடநூலைப் புரட்டினாலும் எட்டுக் கட்டங்கள் இருக்கும். 1950இல் வெளிவந்த ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ என்ற நூலில் அவர் விரித்த வரைபடம் அது. கைக்குழந்தைக்கு நம்பிக்கையா அவநம்பிக்கையா என்ற போராட்டம். பதின்வயதில் ‘நான் யார்’ என்ற குழப்பம். இருபதுகளில் நெருக்கமா தனிமையா என்ற கேள்வி. நடுவயதில் அடுத்த தலைமுறையை வளர்த்துவிடும் அக்கறை, அது இல்லாவிட்டால் தேக்கம். முதுமையில் வாழ்ந்த வாழ்வை ஏற்றுக்கொள்ளும் நிறைவு, அல்லது விரக்தி. மனப்பாடம் செய்தால் தேர்வில் முழு மதிப்பெண்.

மனப்பாடத்தில் தொலைந்துபோவது ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் நல்ல பக்கம் ஜெயித்தால் பாஸ், கெட்ட பக்கம் ஜெயித்தால் ஃபெயில் என்று எரிக்சன் சொல்லவில்லை. அவருக்கு இரண்டும் வேண்டும், அளவுதான் முக்கியம். அவநம்பிக்கையே அறியாத பிள்ளை, மிட்டாய் நீட்டும் எவர் பின்னாலும் போய்விடும். கொஞ்சம் சந்தேகப்படக் கற்றதுதான் பிழைக்கும். அட்டவணையின் இரண்டு பத்திகளுக்கு நடுவே இருக்கும் அந்த இழுபறியே அவர் பாடம்.

அவருக்கு முன்பு வளர்ச்சி என்றால் குழந்தை வளர்ச்சிதான். ஃபிராய்டின் கட்டங்கள் பருவமெய்துவதோடு முடிகின்றன. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே, தன் மூன்று குழந்தைகளின் தொட்டிலருகே உட்கார்ந்து குறிப்பெடுத்து அறிவு வளர்ச்சியை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். கடைசிக் கட்டம் தொடங்குவது பன்னிரண்டு வயதை ஒட்டி. அதற்கப்புறம் அறுபது ஆண்டுகள் மனிதன் என்ன செய்கிறான்? (நம் பாட்டியல் நூல்களும் இதில் சளைத்தவை அல்ல. தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிடும் வருகை என்று குழந்தை மருத்துவரின் வளர்ச்சி அட்டைபோலப் பருவம் பிரித்த மரபு, பெண்ணுக்குப் பேதையில் தொடங்கி ஏழு பருவம் வகுத்து, பேரிளம்பெண் என்று நாற்பது வயதோடு கணக்கை மூடிவிட்டது.) நாற்பதுக்கு மேலும் ஆள் வளர்கிறார் என்பதைப் பாடமாக ஆக்கியதே எரிக்சன் செய்த பெரிய காரியம்.

அந்தப் பாடத்தை அவர் நடத்திய விதமும் வேறு. இங்மர் பெர்க்மனின் ‘வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்’ படத்தை வகுப்பில் திரையிடுவார். 1957இல் வந்த ஸ்வீடன் படம். முதிய மருத்துவர் ஒருவர் பல்கலைக்கழக கௌரவம் வாங்க ஸ்டாக்ஹோமிலிருந்து லுண்ட் நகருக்கு மருமகளோடு காரில் போகிறார். ஒரு பகல் பயணம். வழியில் சிறுவயதுக் கோடை வீடு, கைகூடாத காதல், இன்னும் உயிரோடிருக்கும் தாய், லிஃப்ட் கேட்டு ஏறிக்கொள்ளும் இளசுகள். எட்டுக் கட்டங்களும் அந்தக் காருக்குள் ஏறி இறங்குகின்றன. பின்னாளில் இந்தப் படத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு முதுமையைப் பாடமாகச் சொல்வதைவிட, ஒரு கிழவரோடு பயணம் போகவிடுவது புத்திசாலித்தனம்.

இதே பாடம்தான் அவரை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. மனித வாழ்க்கைச் சுழற்சி பற்றிக் கருத்தரங்கம் நடத்த 1962இல் அகமதாபாத் வந்தார். தங்கியது சாராபாய் குடும்பத்தின் விருந்தினராக. 1918இல் அந்த ஊர் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் தரப்பின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர்கள் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்கா அனசூயா. தொழிலாளர்களின் உறுதி குலைந்துவிடக் கூடாது என்று உண்ணாவிரதம் இருந்தவர் காந்தி. அப்போது காந்திக்கு வயது 48. நடுவயதில் ஒரு மனிதர் ஒரு நாட்டுக்கே தகப்பனாகும் பொறுப்பை எப்படி ஏற்கிறார் என்ற கேள்வி எரிக்சனைப் பிடித்துக்கொண்டது. 1969இல் வந்த ‘காந்தியின் சத்தியம்’ நூல் புலிட்சர் விருதும் அமெரிக்காவின் தேசிய புத்தக விருதும் பெற்றது. அது வெறும் புகழ்மாலை அல்ல. புத்தகத்தின் நடுவில் திடீரென்று காந்திக்கே ஒரு கடிதம் எழுதி, வீட்டுப் பெண்களிடமும் ஆசிரமத்துப் பிள்ளைகளிடமும் அவர் காட்டிய கடுமையைக் கேள்வி கேட்கிறார்.

கேள்வி கேட்டவர் வீட்டிலும் ஒரு ரகசியம் இருந்தது. 1944இல் பிறந்த நான்காவது குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். அக்கால மருத்துவ வழக்கப்படி குழந்தையைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டு, மற்ற பிள்ளைகளிடம் இறந்து பிறந்ததாகச் சொன்னார்கள். எரிக்சன் மறைந்த பிறகு 1999இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு இதை விரிவாகப் பதிவு செய்தது. கைக்குழந்தையின் நம்பிக்கையிலிருந்தே மனித வாழ்வு தொடங்குகிறது என்று எழுதிய கை, அப்படி ஒரு பிள்ளையை அட்டவணைக்கு வெளியே நிறுத்திவிட்டது. இதைச் சொல்லாமல் எரிக்சனை நடத்துவது அரைகுறைப் பாடம்.

அட்டவணையை முதலில் உலுக்கியவர்கள் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். கரோல் கில்லிகன் அவரோடு சேர்ந்து ஹார்வர்டில் கற்பித்தவர். ‘முதலில் தன்னடையாளம், பிறகு நெருக்கம்’ என்ற வரிசை ஆண்களின் பாதை என்றார். பெண்களுக்கு உறவின் ஊடேதான் அடையாளமும் உருவாகிறது, அதைக் குறை வளர்ச்சி என்று எழுதிவைத்தது யார் என்று 1982இல் ஒரு நூலே எழுதினார். ஒழுக்க வளர்ச்சிக்குப் படிநிலை வகுத்த கோல்பெர்க்கின் ஆய்வில் இருந்த 84 பேரும் ஆண் பிள்ளைகள் என்று எடுத்துக்காட்டியதும் அந்த நூல்தான். சுதிர் காக்கர் இன்னொருவர். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு அகமதாபாத்தில் எரிக்சனைச் சந்தித்தவர், அவர் பின்னாலேயே ஹார்வர்டு போய் அதே வகுப்பில் உதவி ஆசிரியரானார். பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்ற நான்கையும் எட்டுக் கட்டங்களோடு பொருத்திப் பார்த்து 1968இல் கட்டுரை எழுதினார். இந்தியாவின் முதன்மையான உளப்பகுப்பாய்வாளராகப் பேர்பெற்று 2024இல் மறைந்தார்.

சரி, எட்டுக் கட்டங்களுக்கு ஆதாரம்? எரிக்சனிடம் இருந்தவை நோயாளிகள், வரலாற்று மனிதர்கள், கூர்மையான கண். புள்ளிவிவரம் இல்லை. அது அதே ஹார்வர்டின் வேறொரு கட்டடத்தில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருந்தது. 1938இல் தொடங்கி 268 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஆயுள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வு. அதில் ஒருவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் எஃப். கென்னடி. அந்த ஆய்வைப் பல பத்தாண்டுகள் நடத்திய ஜார்ஜ் வேலன்ட், எரிக்சனின் கட்டங்களை நிஜ வாழ்க்கைகளோடு உரசிப் பார்த்தார். பெரும்பாலும் பொருந்தியது. ஆனால் எட்டு போதவில்லை. நெருக்கத்துக்கும் அடுத்த தலைமுறை அக்கறைக்கும் நடுவே தொழிலில் வேரூன்றும் கட்டம் ஒன்றையும், முதுமைக்குச் சற்று முன்பு மரபைக் காத்துக் கைமாற்றும் கட்டம் ஒன்றையும் சேர்த்தார். 268 பேரும் வெள்ளையர், அத்தனை பேரும் ஆண்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆயுள் முழுக்க ஏன் பின்தொடர வேண்டும்? இன்றைக்கு இருபது வயதுக்காரரையும் எண்பது வயதுக்காரரையும் சோதித்து வித்தியாசத்தைக் கணக்கிட்டால் போதாதா? போதாது. ஒரு பேத்திக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் ஒரே அறிவுத்திறன் சோதனை வைத்தால் பேத்தி ஜெயிப்பாள். உடனே ‘வயதானால் மூளை மங்கும்’ என்று எழுதிவிடலாமா? பாட்டி ஐந்தாம் வகுப்போடு நின்றவராக இருக்கலாம். ஊர்ப் பள்ளிக்கு மதிய உணவு வருவதற்குள் அவர் வயலில் இறங்கியிருக்கலாம். பேத்தி சத்துணவும் முட்டையும் சாப்பிட்டுக் கல்லூரி வரை வந்தவள். அங்கே தெரிவது வயதின் வித்தியாசம் மட்டுமல்ல, காலத்தின் வித்தியாசமும்தான்.

வார்னர் ஷேய் என்ற ஆய்வாளர் 1956இல் அமெரிக்காவின் சியாட்டிலில் 500 பேரைக் கொண்டு தொடங்கி, ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் சோதித்தார். ஒரே நாளில் பல வயதினரை ஒப்பிட்டபோது இளமையிலேயே தொடங்குவதாகத் தெரிந்த சரிவு, அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது பெரும்பாலானவர்களுக்கு அறுபதை ஒட்டி நகர்ந்துவிட்டது. சில திறன்கள் நடுவயதில் ஏறவும் செய்தன. பல குடும்பங்களில் ‘உனக்கு வயசாச்சு, ஒண்ணும் தெரியாது’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை என்பது தனிக்கதை.

பின்தொடர்வது லேசான வேலையும் அல்ல. ஆட்கள் ஊர் மாறுவார்கள், அலுத்துக்கொள்வார்கள். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த 1037 பேரை மூன்று வயதிலிருந்து கவனித்துவரும் ஆய்வுக் குழு, உலகத்தில் எங்கே இருந்தாலும் விமான டிக்கெட் போட்டு அவர்களைச் சொந்த ஊருக்கு வரவழைக்கிறது. 45 வயதுச் சோதனைக்கு, உயிரோடிருந்தவர்களில் 94 சதவீதம் பேர் வந்தார்கள். 38 வயதில் அவர்களின் ரத்தம், சிறுநீரகம், நுரையீரல், பல் ஈறு என்று பலவற்றையும் அளந்து உடலின் வயதைக் கணக்கிட்டபோது, ஒரே ஆண்டில் பிறந்தவர்களில் ஒருவர் உடலுக்கு 28, இன்னொருவர் உடலுக்கு 61. பிறந்த தேதியை வைத்துக் கட்டம் பிரிக்கும் எந்த அட்டவணைக்கும் இது தலைவலிதான்.

அட்டவணை போட்டவருக்கே அந்தத் தலைவலி வந்தது. 1994இல் 91 வயதில் எரிக்சன் மறைந்தார். அவருடைய மனைவி ஜோன், எட்டுக் கட்டங்களை உருவாக்குவதில் கணவரோடு உழைத்தவர். தொண்ணூறைத் தாண்டியபோது எட்டாவது கட்டம் சொல்லும் ‘நிறைவு’ தன் அனுபவத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டார். உடல் நாளுக்கு நாள் கைவிடும்போது, தன்னால் முடியுமா, யாரை நம்புவது என்ற குழந்தைப் பருவக் கேள்விகளே திரும்பி வருகின்றன. கணவரின் நூலின் புதிய பதிப்பில் ஒன்பதாவது கட்டம் என்று எழுதிச் சேர்த்தார். அந்தப் பதிப்பு வெளிவந்தது 1997இல். ஜோன் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

ஆயுள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வில் நம் ஊரும் சும்மா இருக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பதிவு செய்தார்கள். பிறந்தவுடன் எடையும் நீளமும் அளந்து, பள்ளி வயதில் மறுபடி அளந்து, வளர்ந்து மணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் தேடிப் போனார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் டெல்லியிலும் இப்படி ஓர் ஆய்வு தொடங்கியது. சிறுவயதில் மெலிந்திருந்து பிற்பாடு சட்டென்று சதை போட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு அதிகம் என்பது இந்த ஆய்வுகளால் தெளிந்த உண்மை.

உளவியல் பாடத்திட்டம் வகுப்பவர்கள் ஹார்வர்டின் 268 பேருக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு வாரத்தையாவது வேலூருக்குத் தரலாம். மாணவர்களை அட்டவணையோடு அறையில் உட்காரவைக்காமல், ஆளுக்கு ஒரு முதியவரைப் பிடித்துப் பேசி எழுதிவரச் சொல்லலாம். வேலூரில் அன்று தராசில் கிடத்தி எடை பார்க்கப்பட்ட குழந்தைகளுக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது.