சிக்னல் நின்றால் கார் நிற்குமா?

சின்ன மாடல் காருக்கு வீட்டிலேயே ரேடியோ கட்டுப்பாட்டுச் சர்க்யூட் கட்ட உட்காருபவர், ஆணையை எப்படி அனுப்புவது என்பதில்தான் முழுக் கவனத்தையும் வைக்கிறார். ஆணை வராமல் போனால் கார் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. பல சமயம் வருவதே இல்லை. இந்தக் கலையின் கடினமான பாதி அதுதான் என்பதற்கு அதன் தொடக்க காலமே சான்று. 1895-இல் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மின்காந்த அலையால் தூரத்தில் மணி அடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்து காட்டினார். வெடிமருந்து ஒருமுறை பற்றினால் போதும். 1898-இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா காட்டிய படகு அப்படியல்ல. அது ஓட வேண்டும், திரும்ப வேண்டும், நிற்க வேண்டும். அவர் பயன்படுத்திய ஏற்பியில் ஒரு குழாய்க்குள் உலோகத் தூள் இருந்தது. அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். அலை நின்ற பிறகும் ஒட்டியபடியே இருக்கும். ஒவ்வொரு ஆணைக்குப் பிறகும் அந்தக் குழாயைப் புரட்டிவிட ஒரு பொறியமைப்பைச் சேர்த்த பிறகே படகு சொன்னபடி கேட்டது. கேட்டதை மறக்கச் செய்வது, கேட்க வைப்பதைப் போலவே ஒரு தனி வேலையாக அன்றே இருந்தது.

கடையில் கிடைக்கும் 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மைக் காரைத் திறந்தால், பல வகைகளில் டிஎக்ஸ்-2பி, ஆர்எக்ஸ்-2பி என்ற சிப் ஜோடி இருக்கும். அதன் மொழி வெறும் எண்ணிக்கை. முதலில் நான்கு அகலமான துடிப்புகள், பிறகு குறுந்துடிப்புகள்: முன்னே போக 10, பின்னே வர 40, இடப்பக்கம் திரும்ப 58, வலப்பக்கம் திரும்ப 64. குறுந்துடிப்புக்கு ஆயிரத்தில் ஒரு நொடியும் அகலமானதற்கு அதன் இரு மடங்கும் ஆவதால், ‘முன்னே’ என்று சொல்லி முடிக்க ஆயிரத்தில் 18 நொடிதான் ஆகிறது. விசையை விட்டதும் 4 என்ற முடிவுக் குறியும் போகிறது. 4, 10, 16, 22 என்று ஆணைகள் ஆறாறாகத் தள்ளி வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். இரைச்சலில் ஒன்றிரண்டு துடிப்பு கூடினாலும் குறைந்தாலும் ஓர் ஆணை இன்னோர் ஆணையாக மாறிவிடாதபடி நடுவே இடம் விட்டிருக்கிறது. ஆனாலும் ‘நில்’ என்பதையும் அலைதான் கொண்டுபோக வேண்டும் என்றால், அலையே அறுந்துபோகும்போது அதைச் சொல்ல யாருமில்லை.

தமிழ்நாட்டுப் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களின் புராஜெக்ட்டுகளில் நெடுங்காலம் புழங்கிய கூட்டணி வேறு: 434 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் ஜோடி, ஹெச்டி12ஈ என்கோடர், ஹெச்டி12டி டீகோடர், மோட்டாரை ஓட்ட எல்293டி. என்கோடர் 8 பிட் முகவரியையும் 4 பிட் ஆணையையும் சேர்த்து அனுப்புகிறது. முகவரிக்கு 256 வாய்ப்புகள் உண்டு. வேறு வேறு முகவரி வைத்துக்கொண்டால், ஒரே திடலில் பக்கத்து அணியின் ரிமோட் நம் காரை இழுத்துப் போகாது. இரைச்சல் இன்னொரு சிக்கல். நிலையம் கிடைக்காத வானொலிப் பெட்டியை நினைத்துக்கொள்ளலாம். அனுப்புபவர் ஓய்ந்ததும் இந்த மலிவான ஏற்பியும் சும்மா இருப்பதில்லை. தாறுமாறான ஒன்று, பூச்சியங்களைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் டீகோடர் தொடர்ந்து மூன்று முறை சரிபார்த்த பிறகே ஆணையை ஏற்கிறது. ஏற்றபின் அந்த நான்கு பிட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த சரியான ஆணை வரும்வரை விடுவதில்லை. ‘முன்னே’ என்ற நிலையில் சிக்னல் அறுந்தால், கார் முன்னேயே போய்க்கொண்டிருக்கும். டெஸ்லாவின் உலோகத் தூள் இங்கே சிலிக்கனாகிவிட்டது. இதற்கு மருந்தும் அதே சிப்பில் இருக்கிறது. விடி என்ற கால், சரியான சிக்னல் வந்துகொண்டிருக்கும்வரை மட்டுமே உயர்ந்து நிற்கும். அதை எல்293டி-யின் எனேபிள் கால்களோடு இணைத்தால் சிக்னல் நின்றதும் மோட்டார் நிற்கும். ஒரே ஒரு வயர்தான். பலரும் அந்தக் காலில் ஓர் எல்இடியை மாட்டி அழகு பார்ப்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

இவை பழைய சிப்புகள், இன்று ஆர்டுயினோவும் என்ஆர்எஃப்24எல்01 மாட்யூலும் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன என்று சொல்வார்கள். பாதி உண்மை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல் ஒவ்வொரு தகவலிலும் பிழை இருக்கிறதா என்று சோதிக்கிறது, கிடைத்ததா என்று கேட்டு மறுபடி அனுப்புகிறது. கடைசித் தகவலுக்குப் பிறகு என்ன செய்வது என்பது அதன் பொறுப்பில் இல்லை. புரோகிராமில் வேகத்துக்கு ஒரு மாறி இருக்கும். புதுத் தகவல் வராவிட்டால் அதில் பழைய மதிப்பே தங்கும். அரை நொடி தகவல் இல்லையென்றால் வேகத்தைப் பூச்சியமாக்கு என்ற இரண்டு வரியை எழுதுபவர்தான் சேர்க்க வேண்டும். சிக்னல் அறுபடக் காரணங்களும் குறைவில்லை. மோட்டாரின் பிரஷ்ஷில் எழும் தீப்பொறியே ஏற்பியைக் குழப்பும். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 104 எனக் குறியிட்ட செராமிக் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைப்பதால் அது குறையும், முற்றிலும் போகாது. தரையோடு ஒட்டி ஓடும் காருக்கு ஆன்டெனாவும் தாழ்ந்தே இருக்கிறது. ஈரமான பயிரும் வரப்பும் நடுவில் வந்தால் அலை தேய்கிறது. எனவே சிக்னல் அறுபடுவதை அன்றாட நிகழ்வாக எண்ணியே வடிவமைக்க வேண்டும்.

சிக்னல் போனால் நிறுத்திவிடு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காவிரி டெல்டா வயலுக்குப் போனால் அந்த விடை உடைந்துவிடுகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பே குறுவை நாற்று விடும் தஞ்சாவூர் விவசாயி, ஃபில்டர் பாயின்ட் எனும் குழாய்க் கிணற்றுத் தண்ணீரை நம்புகிறார். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்காமல் செல்போன் ஸ்டார்டரால் மோட்டாரைப் போட முடிகிறது. அந்த ஸ்டார்டர்களில் ஒரு வகை, போனில் எண்ணை அழுத்தும்போது எழும் இரட்டை ஒலியைப் புரிந்துகொள்கிறது. 5 என்றால் 770, 1336 ஹெர்ட்ஸ். இங்கே டவர் சிக்னல் போனதும் மோட்டார் நின்றால் நாற்றங்கால் காயும். கடைசி ஆணையைப் பிடித்து வைத்திருப்பதே இங்கே சரி. ஆனால் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால், மும்முனையில் ஒரு ஃபேஸ் போய்விட்டால், மோட்டாரின் காயில் எரியாமல் காக்கும் முடிவை ஸ்டார்டரே தன் ஆம்பியர் அளவைப் பார்த்து எடுக்க வேண்டும். நெல்லுக்கு மேலே மருந்தடிக்கும் டிரோனின் கதை இன்னொன்று: மோட்டாரை நிறுத்தினால் விழுந்துவிடும், அதனால் அது அந்தரத்தில் நிற்கவோ, கிளம்பிய இடத்துக்குத் திரும்பவோ, மெல்ல இறங்கவோ கற்பிக்கப்படுகிறது. மூன்றிலும் ரேடியோ ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கிறது. எது பாதுகாப்பு என்பது காருக்கும் பம்புசெட்டுக்கும் டிரோனுக்கும் வேறு வேறு. அதை எந்தச் சிப்பும் முடிவு செய்து தராது.

ஆயத்தக் கார் மலிவாகக் கிடைக்கும்போது ஏன் கட்ட வேண்டும் என்பதற்கு என் விடையும் இதுவே. வாங்கிய காரில் அந்த முடிவை வேறு யாரோ எடுத்துவிட்டிருப்பார். கட்டிய காரில் நாமே எடுத்தாக வேண்டும். தப்பினால் சுவரில் முட்டி ஒரு சக்கரம் போகும், அவ்வளவுதான். தஞ்சாவூர் அருகே வல்லத்திலும் திருமலைசமுத்திரத்திலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளில் சிலர் நாளை அதே வயல்களுக்கு ஸ்டார்டரும் டிரோனும் செய்யப்போகிறவர்கள். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை: 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் திறன் வரம்புக்குள் உரிமம் தேவையில்லை என்று 2005-இல் விதி வந்துவிட்டது. ஆன்டெனாவுக்கு அலைநீளத்தில் கால் பங்கு வயர் போதும்: 434-க்கு சுமார் 17 செ.மீ., 2.4-க்கு 3 செ.மீ. கட்டி முடித்ததும் தூரத்தை அளக்கும் முன் காரைக் கட்டையின் மேல் தூக்கி வைத்து, சக்கரங்கள் முழு வேகத்தில் சுற்றும்போது டிரான்ஸ்மிட்டரின் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அடுத்து, டிரான்ஸ்மிட்டர் இல்லாமலே காரை மட்டும் ஆன் செய்து சில நிமிடம் விட வேண்டும். முதல் சோதனையில் சக்கரம் உடனே நின்று, இரண்டாவதில் அசையாமலும் இருந்தால் காரைத் தரையில் இறக்கலாம்.