உப்புக் கண்ணாடியும் முலாம்பழமும்

2019 மே மாதம் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஒரு ஜோடி யூபாரி முலாம்பழம் 50 லட்சம் யென்னுக்கு ஏலம் போனது. உப்பளமும் ரசாயன ஆலையும் உள்ள நம் சாகுபுரத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பனி கொட்டுகிற ஊரிலேயே பசுமைக்குடில் போட்டு விளைவிக்கிறார்கள். நாம் போட்டால் இன்னும் நன்றாக விளையுமே?"

விலையை விட்டுவிடுவோம். பருவத்தின் முதல் ஏலம் பழத்துக்கானதல்ல, செய்தித்தாளுக்கானது. குடில் எப்படிச் சூடாகிறது என்பதுதான் சங்கதி.

வெயில் கண்ணாடி வழியே உள்ளே வரும், வெப்பக் கதிர் வெளியே போகாது என்று பள்ளியில் படித்தோம். அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட்டுக்கு அதில் சந்தேகம். 1909இல் இரண்டு கறுப்பு அட்டைப் பெட்டிகளை எடுத்தார். ஒன்றைக் கண்ணாடித் தகட்டால் மூடினார். மற்றொன்றைப் பாறை உப்புத் தகட்டால். உப்பா என்று உப்பளத்துக்காரர்கள் சிரிக்க வேண்டாம். கண்ணாடி மறிக்கும் அகச்சிவப்புக் கதிரை உப்பு தாராளமாக வெளியே விடும். பாடப்புத்தகம் சரியென்றால் உப்புப் பெட்டி குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டுமே சுமார் 55 டிகிரி செல்சியஸைத் தொட்டன. வித்தியாசம் ஒரு டிகிரிகூடத் தேறவில்லை. பகலில் குடிலைச் சூடாக்குவது பெரும்பாலும், சூடான காற்று மேலெழுந்து ஓடிவிடாமல் அடைபட்டுக் கிடப்பதுதான்.

வரலாறு கேட்பவர்களுக்கு: ரோமப் பேரரசர் திபேரியஸுக்காகச் சக்கரம் வைத்த பாத்திகளில் வெள்ளரி இனக் காய் வளர்த்து, குளிர்காலத்தில் ஒளிபுகும் கல் தகடுகளால் மூடினார்களாம். இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் குதிரைச் சாணக் குவியலின் சூட்டில் முலாம்பழம் பழுக்க வைத்தார்கள். போதும்.

குடிலைக் கல்யாண மண்டபமாக நினையுங்கள். வந்த கூட்டம்தான் வெப்பம். முன்வாசல் காற்று, கொல்லைவாசல் கதிர்வீச்சு. கூரை போட்டதும் முன்வாசல் சாத்தியாகிவிட்டது. பகலில் கூட்டம் வந்துகொண்டே இருப்பதால் கொல்லை வழியே நழுவுகிறவர்களால் மண்டபம் காலியாகாது. இரவில் வரத்து நின்றுவிடும்; நழுவல் நிற்காது. மேகமில்லாத வானம் எத்தனை பேரையும் வாங்கிக்கொள்ளும். சாதாரணப் பாலிதீன் கூரையும் உப்பைப் போலக் கொல்லையைத் திறந்தே வைத்திருக்கும். 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் முலாம்பழக் கொடி சுணங்கிவிடும். ஆகவே கொல்லையில் ஒரு தாய்மாமனை நிறுத்த வேண்டும். அவர்தான் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் படலம். நழுவுகிறவர்களைப் பிடித்து, ஒரு பாதியைப் பந்திக்குத் திருப்பி அனுப்புவார். மறுபாதியைத் தானே வெளியே வழியனுப்பிவிடுவார். தாய்மாமன்களும் முழுக்க நம்பகமானவர்கள் அல்ல.

பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அந்தக் குளோரின் உப்பிலிருந்து வருகிறது. சாகுபுரத்து ஆலையில் நடப்பதும் உப்பிலிருந்து குளோரினைப் பிரிப்பதுதான். பிறகு ஏன் உப்பு கதிரை விடுகிறது, பி.வி.சி. மறிக்கிறது? உப்புப் படிகத்தில் அயனிகள் மெதுவாக அதிர்கின்றன. மண்ணும் இலையும் உமிழும் 10 மைக்ரான் அலை அவற்றைச் சீண்டாமல் கடந்துவிடும். அதே குளோரின் கார்பன் சங்கிலியில் தொங்கும்போது சங்கிலியின் அதிர்வுகள் அந்த அலைகளில் பெரும்பங்கை விழுங்குகின்றன. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருளும் கை கொடுக்கும். ஜப்பானியர் தங்கள் குடிலுக்கு 'வினைல் வீடு' என்று பெயர் வைத்தது இந்த பி.வி.சி.யால்தான். இப்போது வேறு படலங்களும் அந்த வேலைக்கு வந்துவிட்டன.

வுட்டின் பெட்டியைக் காட்டி, புவி சூடாவதே கட்டுக்கதை என்போரும் உண்டு. பூமிக்கு முன்வாசலே கிடையாது. விண்வெளியில் காற்று ஏது? வெப்பம் போக அதற்குக் கொல்லைவாசல் ஒன்றுதான். அங்கே கரியமில வாயு நிற்கிறது. 'பசுமைக்குடில் விளைவு' என்ற பெயர்தான் தப்பு, விளைவு நிஜம்.

வாசகருக்குப் பதில்: சாகுபுரத்தில் மார்கழி இரவிலும் போர்வை தேடுகிறவர் இல்லை. இங்கே வெப்பத்தைப் பிடித்துவைக்கும் குடிலுக்குச் செலவழிப்பது, புழுங்குகிற மண்டபத்தில் இரண்டு வாசலையும் பூட்டுவதற்குச் சமம். திறந்த வெளியில், மணற்பாங்கான நிலத்தில், சொட்டுநீர் விட்டு வளர்த்துப் பாருங்கள். ஜப்பான்காரர் பிளாஸ்டிக்கும் எரிபொருளும் வாங்கி வரவழைக்கும் சூடு நமக்கு இலவசம்.